மதுவுக்கு உரிமம், கஞ்சாவுக்குச் சிறை: ஏன்?

"இரண்டும் போதைதானே? மதுவை விற்க அரசே உரிமம் கொடுக்கிறது, கஞ்சா வைத்திருந்தால் கைது செய்கிறது. எது அதிகக் கேடு என்று பார்த்துத்தான் சட்டம் போட்டார்களா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பார்க்கவில்லை என்பதுதான் பதில். கேட்டை அளந்திருந்தால் பட்டியல் வேறு மாதிரி இருந்திருக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019இல் மட்டும் மதுவினால் நேர்ந்த இறப்புகள் சுமார் 26 லட்சம். மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியாகத் தெரிந்த பொருள்களின் வரிசையில் மது 1988லேயே இடம்பெற்றுவிட்டது. ஒரே இரவில் அளவு மீறிக் குடித்தே ஒருவர் மூச்சு நின்று இறந்துபோகலாம். கஞ்சாவில் அத்தகைய சாவு மிகமிக அரிது. இதைச் சொன்னதும் கஞ்சா மூலிகைதானே என்று யாரும் குதிக்க வேண்டாம். பதின்வயதில் தொடங்கி நாள்தோறும் புகைப்பவர்களுக்கு மனநோய் வரும் வாய்ப்பு கூடுகிறது, பழக்கத்திலிருந்து விடுபட முடியாமல் தவிப்பவர்களும் இருக்கிறார்கள். இன்றைய கஞ்சாவின் வீரியமும் முந்தைய தலைமுறை அறிந்ததைவிடப் பல மடங்கு.

பிறகு எதை வைத்துப் பிரித்தார்கள்? சட்டம் எழுதிய காலத்தில் யார் குடித்தார்கள், யார் புகைத்தார்கள், கஜானாவுக்கு எதிலிருந்து பணம் வந்தது என்பதை வைத்து என்பது என் வாசிப்பு.

மதுவைத் தடைசெய்து பார்க்கவே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்கா 1920 முதல் 1933 வரை நாடு முழுவதும் மதுவிலக்கை நடத்தியது, அதுவும் அரசியல் சாசனத்தையே திருத்தி. அதைச் செய்ய முடிந்ததற்கு ஒரு காரணம் வரி. வருமான வரி 1913இல் வருவதற்கு முன்பு அந்நாட்டு மத்திய அரசின் வருவாயில் சுமார் மூன்றில் ஒரு பங்கு மதுவிலிருந்து வந்துகொண்டிருந்தது. வேறு வரி கிடைத்த பிறகுதான் மதுவைக் கைவிடும் துணிச்சல் வந்தது. 1930களின் பெரும் பொருளாதார மந்தத்தில் வருமான வரி சரிந்தபோது அந்தத் துணிச்சலும் சரிந்தது. நீதிபதியும் குடித்தார், செனட்டரும் குடித்தார், வாக்காளரும் குடித்தார். கள்ளச்சாராயக் கும்பல்கள் கொழுத்தன. 1933 டிசம்பரில் தடை நீங்கியது.

நான்கே ஆண்டுகளில், 1937இல், அதே நாடு கஞ்சா மீது வரிச் சட்டம் என்ற பெயரில் தடையைக் கொண்டுவந்தது. அதற்காகப் பாடுபட்டவர் போதைப்பொருள் ஒழிப்புத் துறையின் தலைவர் ஹாரி ஆன்ஸ்லிங்கர். கஞ்சா புகைத்தவர்கள் என்று அன்று பொதுமக்கள் மனத்தில் பதிய வைக்கப்பட்டவர்கள் மெக்சிகோவிலிருந்து வந்த கூலித் தொழிலாளர்களும் கறுப்பின இசைக் கலைஞர்களும். இவர்களுக்காகப் பேச நாடாளுமன்றத்தில் யார் இருந்தார்கள்? அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சார்பில் வந்த டாக்டர் வில்லியம் உட்வர்ட், போதிய சான்று இல்லாமல் சட்டம் போடுகிறீர்கள் என்று குழுவின் முன் எதிர்ப்புத் தெரிவித்தார். குழு அவரைக் கடிந்துகொண்டு அனுப்பியது.

சான்று கிடைக்காத காலமும் அல்ல. இந்தியாவை ஆண்ட பிரிட்டிஷ் அரசு 1893-94இல் ஒரு கமிஷன் அமைத்துக் கஞ்சா, அதே செடியின் இலையிலிருந்து செய்யும் பாங், அதன் பிசினான சரஸ் மூன்றையும் விசாரித்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகள். மருத்துவர்கள், அதிகாரிகள், சாகுபடியாளர்கள், துறவிகள் எனப் பலதரப்பினர். மிதமாகப் பயன்படுத்தினால் பெரிய தீங்கில்லை, அளவு மீறினால் தீங்குண்டு, முழுத்தடை வேண்டாம், வரியும் உரிமமும் வைத்துக் கட்டுப்படுத்தினால் போதும் என்பது முடிவு. மதுவுக்கு உலகம் இன்று பின்பற்றும் வழி ஏறத்தாழ இதுதான். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்களில் அச்சான அந்த அறிக்கையை எடுத்துப் படித்தவர்கள் சிலரே.

உலக அளவிலான தடைக்கு வித்து 1925இல் ஜெனீவாவில் விழுந்தது. அபினுக்காகக் கூட்டிய மாநாட்டில் எகிப்தின் பிரதிநிதி எழுந்து ஹஷீஷையும், அதாவது கஞ்சாப் பிசினையும், சேர்க்க வேண்டும் என்று வற்புறுத்தினார், சேர்த்தார்கள். பிறகு 1961இல் ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள் ஒப்பந்தம், ஹெராயின் இருக்கும் மிகக் கடுமையான அட்டவணையிலேயே கஞ்சாவையும் வைத்தது. ஒயினும் விஸ்கியும் பீரும் காய்ச்சி உலகுக்கே விற்கும் நாடுகள் அந்த மேசையைச் சுற்றி அமர்ந்திருந்தன. மதுவை எந்த அட்டவணையிலும் காணோம். கஞ்சாப் பழக்கம் நெடுங்காலமாக இருந்த நாடுகளுக்கு அதைக் கைவிட 25 ஆண்டு தவணை கொடுக்கப்பட்டது. இந்தியாவின் போதைப்பொருள் சட்டம் 1985இல் வந்ததை அந்தத் தவணையோடு சேர்த்துப் பாருங்கள். பூவும் காயும் உள்ள நுனிப்பகுதிதான் கஞ்சா, தனியாகக் கிடைக்கும் இலையும் விதையும் கணக்கில் வராது என்று வரையறையிலேயே ஒரு சந்து விட்டார்கள். பாங் தப்பித்தது அந்தச் சந்து வழியாகத்தான். ஆக, பெருந்திரளான மக்களின் பழக்கத்தோடு மோதும்போது சட்டம் கொஞ்சம் வளைந்துகொடுக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த சாட்சி அமெரிக்காவின் 1970ஆம் ஆண்டுப் போதைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டம். தவறாகப் பயன்படுத்தப்படும் வாய்ப்பு அதிகம், ஏற்கப்பட்ட மருத்துவப் பயன் இல்லை என்பவை, கஞ்சாவை அன்று வைத்த மிகக் கடுமையான முதல் அட்டவணைக்கான அளவுகோல்கள். இதை மதுவுக்கும் புகையிலைக்கும் பொருத்திப் பார்த்தால் என்ன ஆகும் என்று சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதனால்தான் சாராய வகைகள், ஒயின், பீர், புகையிலை ஆகியவை இந்தச் சட்டத்தின் கீழ் வரமாட்டா என்று பெயர் சொல்லி விலக்கிவிட்டார்கள். தேர்வுக்கே வராதவர்களை யார் தோல்வியடையச் செய்ய முடியும்?

நியாயமான ஒரு வேறுபாட்டையும் சொல்லிவிடுகிறேன். ரத்தத்தில் எத்தனை சதவீதம் ஆல்கஹால் இருந்தால் வண்டி ஓட்டக்கூடாது என்று ஓர் எண்ணைச் சட்டத்தில் எழுத முடிகிறது. ஊதச் சொன்னால் போலீஸ்காரருக்குச் சில நொடிகளில் தெரிந்துவிடும். கஞ்சாவின் போதைப் பொருளான டிஎச்சி கொழுப்பில் கரைந்து உடலில் தங்குவது. போதை தெளிந்து பல நாள் கழித்தும் அதன் சுவடு சோதனையில் தெரியும். போன வாரம் புகைத்தவரையும் பத்து நிமிடம் முன்பு புகைத்தவரையும் பிரித்துக் காட்டும் நம்பகமான ஒற்றை எண் அகப்படவில்லை. சாலைப் பாதுகாப்புச் சட்டம் எழுதுபவர்களுக்கு இது மெய்யான தலைவலி. ஆனால் டிஎச்சியைப் பிரித்தெடுத்து அதன் அமைப்பைக் கண்டறிந்ததே 1964இல்தான். தடை அதற்குப் பல ஆண்டுகள் முந்தையது. பின்னால் கிடைத்த நியாயத்தை முன்னால் போட்ட சட்டத்தின் காரணமாகக் காட்டுவது சரியாகாது.

"மது இருக்கும்போது கஞ்சா ஏன் கூடாது?" என்ற வாதத்தில் எனக்குப் பாதி உடன்பாடுதான். சிறு அளவு வைத்திருந்த இருபது வயது இளைஞனைச் சிறைக்கு அனுப்புவது, கஞ்சா அவனுக்குச் செய்திருக்கக்கூடிய கெடுதலைவிடப் பெரிய கெடுதல். வேலை போகும், பாஸ்போர்ட்டுக்குச் சிக்கல் வரும், வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுக்கும். அந்தத் தண்டனையை எடுத்துவிட வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதற்காக மதுவை நடத்துவதைப் போலவே கஞ்சாவையும் நடத்தலாம் என்றால் மறுப்பேன். மதுவை நாம் நன்றாகவா நடத்துகிறோம்? விற்பனையில் பெரும்பகுதி மிதமாகக் குடிப்பவர்களால் வருவதில்லை, மிதமிஞ்சிக் குடிக்கும் சிறுபான்மையினரால் வருகிறது. அவர்கள் நிறுத்திவிட்டால் கம்பெனிக்கும் நஷ்டம், வரி வாங்கும் அரசுக்கும் நஷ்டம். குடியை வெறுப்பதாகச் சொல்லிக்கொண்டே விற்பனை இலக்கு வைக்கும் அரசுகள் உருவாவது இப்படித்தான்.

கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கும் நாடுகள் இந்த இடத்தில்தான் பிரிகின்றன. அமெரிக்காவின் கொலராடோ, வாஷிங்டன் மாநிலங்கள் 2012இல் மக்கள் வாக்கெடுப்பின் மூலம் தனியார் கடைகளுக்குக் கதவைத் திறந்தன. விளம்பரமும் போட்டியும் வீரியம் கூடிய சரக்கும் கூடவே வந்தன. உருகுவே 2013இல் வேறு வழியில் போனது. பெயரைப் பதிவு செய்த குடிமக்கள் வீட்டில் வளர்க்கலாம், சங்கத்தில் சேரலாம், அல்லது மருந்தகத்தில் மாதம் 40 கிராம் வரை வாங்கலாம், விளம்பரம் கிடையாது. ஜெர்மனி 2024 ஏப்ரலில் இதற்கு நெருக்கமான பாதையை எடுத்தது: வீட்டில் மூன்று செடி, இலாப நோக்கற்ற வளர்ப்புச் சங்கங்கள், கடை விற்பனை இல்லை. என்னிடம் வாக்குக் கேட்டால் உருகுவேயின் பக்கம் போடுவேன். மதுவுக்கும் அதே விதிகளைக் கேட்பேன், கிடைக்காது என்று தெரிந்தே.