கொலுசுக் கணக்கும் பாதியில் நிற்கும் பதிலும்

வாசகர், செவ்வாய்ப்பேட்டை: எங்களுடையது வெள்ளிப் பட்டறை. கொலுசுகளின் எடையையும் டச்சையும் (நூற்றுக்கு எத்தனை பங்கு சுத்த வெள்ளி என்ற அளவு) பதினைந்து வரி டைப் செய்து, சுத்த வெள்ளி மொத்தம் எவ்வளவு என்று ஏஐயிடம் கேட்டால் காலையில் ஒரு விடை, மாலையில் வேறு விடை. நான் கேட்கிற விதம் தப்பா?

பதில்: இல்லை, அது வேலை செய்கிற விதமே அப்படி. இதுவரை எழுதியதற்கு அடுத்து என்ன துண்டு வரும் என்று கணித்துக் கணித்துத்தான் அது எழுதுகிறது, எண்களையும் அப்படியேதான். அந்தக் கணிப்பில் கொஞ்சம் தற்செயலும் கலந்திருப்பதால் ஒரே கேள்விக்கு இரண்டு விடை வருகிறது. 245 கிராம், 80 டச் என்றால் 196 கிராம் என்று சரியாகச் சொல்லிவிடும். பதினைந்து வரியையும் பெருக்கிக் கூட்டச் சொன்னால் நடுவில் எங்கோ ஓர் இலக்கம் மாறிவிடக்கூடும், ஆனால் சரியான விடையைச் சொல்லும் அதே உறுதியோடு தப்பான விடையையும் எழுதும். அதுதான் எனக்குப் பெரிய கவலை, ஏனென்றால் கூலிக்கு வேலை செய்கிறவருக்குச் சேர வேண்டிய வெள்ளி அந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

'பைத்தான் நிரல் எழுதி, அதை ஓட்டி விடை சொல்' என்று கேளுங்கள். பைத்தான் ஒரு கணினி மொழி, நிரல் ஓடினால் விடையைக் கணிக்காமல் கணினியே கணக்குப் போடும். நிரல் ஓடியது திரையில் தெரிகிறதா என்றும் பாருங்கள், அந்த வசதி இல்லாத ஆப்பும் ஓட்டிப் பார்த்ததுபோலவே பதில் எழுதிவிடக்கூடும். என்னைக் கேட்டால், எக்செல்லில் எடையை டச்சால் பெருக்கி நூறால் வகுக்கிற ஃபார்முலாவை அதனிடம் கற்றுக்கொண்டு, கணக்கை எக்செல்லிலேயே போடுவது நல்லது.

வாசகி, ஏற்காடு: ஏஐயின் பதில் பாதியில் நின்றுவிடுகிறது. மழை நாளில் ரொம்ப மோசம்.

பதில்: எப்படி நிற்கிறது என்று பாருங்கள். பிழைச் செய்தி வந்தால் பெரும்பாலும் சிக்னல்தான் காரணம். உடனே மறுபடி கேட்காமல் பக்கத்தைப் புதுப்பித்துப் பாருங்கள், பல நேரம் முழுப் பதிலும் வந்து சேர்ந்திருக்கும். பிழை எதுவும் காட்டாமல் வாக்கியம் நடுவில் நின்றால் ஒரு பதிலுக்கான நீள வரம்பைத் தொட்டிருக்கலாம், 'விட்ட இடத்திலிருந்து தொடர்' என்றால் போதும். அந்த நீளத்தை முன்பு சொன்ன துண்டுகளால்தான் அளக்கிறார்கள், தமிழ் எழுத்துகள் ஆங்கிலத்தைவிட அதிகத் துண்டுகளாக உடைவதால் நமக்கு அந்த வரம்பு சீக்கிரமே வந்துவிடுகிறது. அப்புறம், நீளமான கேள்வியை நோட்ஸில் எழுதி வைத்து ஒட்டுங்கள், சிக்னல் போனாலும் எழுதியது போகாது.

வாசகர், நாகலூர்: வாடுகிற காபிச் செடியைப் படம் எடுத்து ஏஐக்கு அனுப்பினேன். தண்டு துளைப்பான் என்று சொல்லி, மருந்தின் பெயரும் அளவும் கொடுத்தது. அடிக்கலாமா?

பதில்: அடிக்காதீர்கள். இலை மஞ்சளாகி வாடுவதற்குப் பல காரணம் உண்டு, ஒரு படத்தை வைத்து அதை முடிவு செய்ய முடியாது. 'இதே அறிகுறி வேறு எதனால் வரும், ஒவ்வொன்றுக்கும் செடியில் எதைப் பார்க்க வேண்டும்' என்று கேளுங்கள், இந்த மாதிரிக் கேள்விக்கு அது நன்றாகவே உதவும். பிறகு தோட்டத்துக்குப் போய்த் தண்டைத் தடவிப் பாருங்கள். வெள்ளைத் தண்டு துளைப்பான் என்றால் பட்டையின் மேல் மேடு மேடாகப் புடைப்பு தெரியும். புழு தண்டுக்குள் இருப்பதால் மேலே தெளிக்கிற மருந்து அதை எட்டுவது கஷ்டம், தாக்கிய செடியை வேரோடு பிடுங்கி எரிப்பதுதான் வழக்கமான பரிந்துரை. பிடுங்குவதற்கு முன் வெட்டிய தண்டுத் துண்டோடு ஏற்காட்டிலேயே இருக்கிற தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்துக்குப் போய்க் காட்டுங்கள், மருந்து தேவையா, எவ்வளவு என்பதை அவர்களிடமே கேளுங்கள்.