பில் தலையில் டாலர் குறி எங்கிருந்து வருகிறது?

கேள்வி: பெங்களூரு சிக்பேட்டையில் ஒரு மொத்த ஜவுளிக் கடையில் கணக்குப் பார்க்கிறேன். 6 அங்குல உயரமுள்ள தொடர்தாளில், மூன்று நகல் படிவத்தில், எப்சன் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் பில் அடிக்கிறோம். கம்ப்யூட்டரை மாற்றியதிலிருந்து ஒவ்வொரு பில்லின் தலையிலும் @, 2, ஆங்கில சி, $ என்று ஏதோ விழுகிறது. எழுத்து சிறிதாகாமல் சரக்குப் பட்டியல் வலப்பக்கம் வெட்டுப்படுகிறது. ஒரு பில்லுக்கு ஒரு படிவம் வீணாகி, அடுத்த பில் ஓர் அங்குலம் மேலே ஏறிவிடுகிறது. முதலாளி லேசர் பிரிண்டருக்கே போய்விடலாம் என்கிறார். பில் டெம்ப்ளேட்டில் இருக்கும் இதே கோடுகள் (பிரிண்டருக்கான குறியீட்டு எண்கள்) அதற்கும் போதுமா?

பதில்: மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டாம், பிரிண்டர் நன்றாகத்தான் இருக்கிறது. உங்கள் பில் டெம்ப்ளேட்டின் தலையில் யாரோ 27 64, 27 50, 27 67 36 என்று எழுதி வைத்திருக்கிறார்கள். 27 என்பது எஸ்கேப். அதைப் பார்த்ததும், அடுத்து வருவதை உத்தரவாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று பிரிண்டருக்குத் தெரியும். 64 வந்தால் பழைய அமைப்புகளைத் துடைத்துவிடும். 50 வந்தால் அங்குலத்துக்கு 6 வரி. 67 36 என்றால் தாள் நீளம் 36 வரி, அதாவது 6 அங்குலம். இப்போது 27 மட்டும் வழியிலேயே காணாமல் போகிறது. மிச்சமிருக்கும் 64, 50, 67, 36 நான்கும் வெறும் எழுத்தாகி @, 2, சி, $ என்று தாளில் விழுகின்றன. எழுத்தைச் சுருக்கும் 15-க்கும் இதே கதிதான்.

27-ஐ விழுங்குவது விண்டோஸ் டிரைவர், அதாவது பிரிண்டரை இயக்க விண்டோஸ் வைத்திருக்கும் மென்பொருள். விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்தில் மென்பொருள் பிரிண்டரிடம் நேராகப் பேசியது. டிரைவர் நடுவில் வந்தால் பக்கத்தைத் தானே வரைந்து, தாள் நீளத்தையும் தானே முடிவு செய்யும். உங்கள் டிரைவரில் லெட்டர் அளவு, அதாவது 11 அங்குலம், தேர்வாகியிருக்கும். இரண்டு படிவம் சேர்ந்தால் 12 அங்குலம். பிரிண்டர் 11-லேயே நின்றுவிடுகிறது. அந்த ஓர் அங்குலம்தான் மேலே ஏறுகிறது.

சரி, மென்பொருளின் பிரிண்ட் அமைப்பில் டிரைவரைத் தாண்டி நேராக அனுப்ப ‘ரா’, ‘டைரக்ட்’, ‘டாஸ் மோட்’ என்று ஏதாவது இருக்கிறதா பாருங்கள். பெரும்பாலும் அந்த ஒரு டிக்கில் வேலை முடிந்துவிடும். இல்லையென்றால் பில்லை ஃபைலாக எடுத்து, பிரிண்டரை ஷேர் செய்து, காப்பி கட்டளையால் அந்த ஷேர் பெயருக்கு அனுப்பலாம். ஸ்லாஷ் பி (/b) போட மறக்காதீர்கள்; போடாவிட்டால் 26 என்ற குறி வந்த இடத்தோடு ஃபைல் முடிந்தது என்று நிறுத்திவிடலாம்.

டெம்ப்ளேட்டில் கை வைப்பதாக இருந்தால் 36-இல் கவனம் தேவை. அதை எண்ணாக இல்லாமல் 3, 6 என்று இரண்டு எழுத்தாகத் தட்டினால், 3-இன் குறியீடு 51 என்பதால் தாள் நீளம் 51 வரியாகிவிடும். 6 தனியாக பில்லில் அச்சாகும். ஹெக்ஸ், அதாவது 16-இன் அடிப்படையிலான எண், கேட்கும் மென்பொருளில் 36 என்று போட்டால் 54 வரி, அதாவது 9 அங்குலம். அங்கே 24 என்று போட வேண்டும். 27 67 0 6 என்று அங்குலக் கணக்கிலும் நீளம் சொல்லலாம். ஆனால் நடுவில் வரும் 0-வைக் கண்டதும் வரி முடிந்ததாக நினைக்கும் மென்பொருள்கள் உண்டு. அதனால் வரிக்கணக்கே மேல். 27 50-க்கு அப்புறம்தான் 27 67 36 வர வேண்டும். அப்போதைய வரி இடைவெளியை வைத்துத்தான் நீளம் கணக்காகும். பட்டியல் முடிந்ததும் 18 போட்டால் எழுத்து பழைய அளவுக்கு வரும். பில்லின் கடைசியில், தாளை அடுத்த படிவத்துக்குத் தள்ளும் 12. சிலர் அதற்குப் பதிலாக வெற்று வரிகளைத் தட்டி தாளைத் தள்ளுவார்கள். பட்டியல் ஒரு வரி நீண்டாலும் எல்லாம் கலைந்துவிடும்.

லேசருக்கு இந்தக் கோடுகள் செல்லாது. எப்சனில் 27 69 தடித்த எழுத்து. எச்பியின் பிசிஎல் என்ற பிரிண்டர் மொழியில் அதே 27 69 மொத்த ரீசெட். பிசிஎல்லில் மூன்று பிரதி கேட்க 27 38 108 51 88. இங்கே 3 எழுத்தாகவே போகிறது, அதனால்தான் 51. ஆனால் உங்களுக்கு அது உதவாது. சரக்கு பில்லில் ஜிஎஸ்டி விதி 48 வாங்குபவருக்கு அசல், வண்டிக்காரருக்கு இரண்டாம் படி, விற்பவருக்கு மூன்றாம் படி என்று தனித்தனியாகக் குறிக்கச் சொல்கிறது. லேசர் மூன்றிலும் ஒரே தலைப்பை அடிக்கும். தலைப்பை மாற்றி மூன்று முறை அனுப்ப வேண்டியிருக்கும். இப்போதுள்ள கார்பன் படிவத்தில் ஒரே அடியில் மூன்றும் விழுகின்றன. என்னைக் கேட்டால் மாற்ற வேண்டாம்.

முதலாளி பிடிவாதமாக இருந்தால், கம்ப்யூட்டர் கடைகள் உள்ள எஸ்.பி. ரோட்டில் விலை கேட்கும்போதே பிசிஎல் உண்டா என்று கேளுங்கள். விலை குறைந்த லேசர்கள் பலவற்றில் அது கிடையாது. பக்கத்தைக் கம்ப்யூட்டரே வரைந்து கொடுக்க வேண்டும், டெம்ப்ளேட்டில் எந்தக் கோடு எழுதினாலும் அவற்றுக்குப் புரியாது.