உணரி வலையமைப்பில் அந்நியக் கருவி: சிக்னலை வைத்து அடையாளம் காணல்

கேள்வி: எங்கள் குளிர்பதனக் கிடங்கில் ஜிக்பீ என்ற குறுந்தூரக் கம்பியில்லா முறையில் பேசும் வெப்ப உணரிகள் உள்ளன. பதிவில் இல்லாத முகவரிகளைத் தடுத்தால் போதாதா?

பதில்: போதாது. கருவியின் 64 பிட் முகவரி, அது அனுப்பும் தரவுத் துண்டான பாக்கெட்டுக்குள் செல்லும் வெறும் எண்தான். ஒட்டுக்கேட்பவர் அதைத் தம் கருவியில் அப்படியே பதித்துக்கொள்ளலாம். ஆனால் அனுப்பும் வன்பொருளுக்கென்று ஒரு சாயல் உண்டு. ஜிக்பீக்கு அடிப்படையான 802.15.4 என்ற ரேடியோ தரம் அதிர்வெண்ணில் பத்து லட்சத்துக்கு 40 பங்கு வரை விலகலை அனுமதிப்பதால், 2,450 மெகாஹெர்ட்ஸில் இருபுறமும் ஏறத்தாழ 98 கிலோஹெர்ட்ஸ் இடம் கிடைக்கிறது. ஒவ்வொரு கருவியிலும் அதிர்வெண்ணைத் தீர்மானிக்கும் படிகம் அதற்குள் தனக்கான இடத்தில் நிற்கும். கைதேர்ந்தவர் இதையும் போலி செய்யக்கூடும் என்பதால், தரவைப் பூட்டிவைக்கும் ஏஇஎஸ் குறியாக்கத்தைக் கைவிட்டுவிடாதீர்கள்.

கேள்வி: சிக்னல் வலிமை மட்டும் உதவுமா?

பதில்: ஒரே ரிசீவரை நம்பினால் உதவாது. இத்தகைய கருவிகளில் பரவலாகப் பயன்பட்ட சிசி2420 ரேடியோ சிப்பின் தரவுத்தாளே வலிமை அளவீட்டில் 6 டெசிபெல் வரை கூடுதல் குறைவு இருக்கலாம் என்கிறது. வெட்டவெளியில் தூரம் இரட்டிப்பானாலும் அதே 6 டெசிபெல்தான் குறையும். மூன்று நான்கு ரிசீவர்களை வைத்து, ஒரே பாக்கெட்டுக்கு அவை காட்டும் அளவுகளின் வித்தியாசத்தைப் பாருங்கள். மூன்று ரிசீவர்களில் வழக்கமாக −62, −71, −80 டிபிஎம் (சிக்னல் வலிமையின் அலகு) என வரும் உணரி தன் அனுப்பும் திறனை 10 டெசிபெல் கூட்டினால் −52, −61, −70 ஆகும், இடைவெளி மாறாது. அதே முகவரியில் −70, −66, −64 வந்தால், அனுப்பியது வேறிடத்தில் உள்ளது, அல்லது யாரோ இடையில் சரக்கை அடுக்கியிருக்கிறார்கள்.

கேள்வி: என் நியூரல் நெட்வொர்க் எங்கள் உணரிகளை நன்றாகப் பிரிக்கிறது, வெளிக்கருவியையும் எங்களுடையது என்றே அடித்துச் சொல்கிறது. ஏன்?

பதில்: ‘இவற்றில் எதுவும் இல்லை’ என்ற விடையை நீங்கள் அதற்குக் கொடுக்கவில்லை. ஒவ்வொரு கருவியின் சாயலிலிருந்தும் எவ்வளவு விலகலாம் என வரம்பிடுங்கள். சில உணரிகளைப் பயிற்சியில் முற்றிலும் சேர்க்காமல், அந்நியராக வைத்துச் சோதியுங்கள். உணரிகளை இடம் மாற்றி, வேறொரு நாளிலும் பதிவெடுங்கள். கருவிக்குப் பதில் அது இருந்த மூலையை மாடல் மனப்பாடம் செய்திருப்பது மிகச் சாதாரணம்.

கேள்வி: குளிரில் அதிர்வெண் நகருமே?

பதில்: நகரும், வெப்பநிலையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆனால் சந்தேகத்துக்குரிய கருவி தானே அனுப்பும் வெப்பநிலையை நம்பாமல், பக்கத்து உணரியின் அளவை எடுங்கள்.

கேள்வி: எதையும் அனுப்பாமல் கேட்டுக்கொண்டே இருக்கும் கருவி?

பதில்: இம்முறையில் அது சிக்காது.