'சும்மா விசாரணைக்கு' என்று போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போகலாமா?

வியாசர்பாடியில் ராத்திரி உங்கள் தம்பியை, நோட்டீஸ் எதுவும் தராமல், 'சும்மா விசாரணைதான்' என்று கூட்டிப் போயிருக்கிறார்கள். இது சட்டப்படி சரியா என்று கேட்கிறீர்கள்.

சரியில்லை. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்), சாட்சியை அழைக்கக்கூட எழுத்துப்பூர்வ உத்தரவு வேண்டும் (பிரிவு 179). கைது தேவைப்படாத வழக்கில் சந்தேக நபருக்கும் நோட்டீஸ்தான்.

ஸ்டேஷனை விட்டு வெளியே போக விடவில்லை என்றால், அதற்கு என்ன பெயர் வைத்தாலும் என் பார்வையில் அது கைதுதான். கைது என்றால் காரணம் சொல்ல வேண்டும், குடும்பத்துக்குத் தகவல் தர வேண்டும். கைதுக் குறிப்பு எழுதி, வீட்டார் அல்லது அந்தப் பகுதியின் மதிப்புக்குரிய ஒருவரிடம் சாட்சிக் கையெழுத்து வாங்க வேண்டும். பயண நேரம் போக, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியாக வேண்டும். இந்தக் கணக்கில்தான் ஏமாற்று நடக்கிறது: இரண்டு நாள் உட்கார வைத்துவிட்டு, இன்று காலைதான் பிடித்தோம் என்று எழுதிவிடுவார்கள். அதனால் கூட்டிப் போன நேரத்தைக் குறிப்பிட்டு கமிஷனர் அலுவலகத்துக்கு உடனே மின்னஞ்சல் அனுப்புங்கள். முன்பு இதற்குத் தந்தி அடிப்பார்கள்.

அப்புறம், சாட்சியாக விசாரித்து எழுதும் வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கவே கூடாது (பிரிவு 181). வெற்றுத் தாளில் தம்பி கையெழுத்துப் போடவே வேண்டாம். வக்கீலுக்குக் காசில்லை என்றால் 15100-ஐக் கூப்பிடுங்கள், இலவச சட்ட உதவி கிடைக்கும்.