சுமையை எங்கே இறக்குவது?

கேள்வி: அக்கா, ஆத்தூரில் சின்ன மளிகைக் கடை வைத்திருக்கிறேன். பதினைந்து நாளைக்கு ஒருமுறை சேலம் வந்து லீ பஜாரில் சரக்கு எடுப்பேன். மூட்டைகள் வண்டியில் வந்துவிடும். ஏலக்காய், முந்திரி, மிளகு மாதிரி விலை கூடிய சாமான்களை மட்டும் இரண்டு பையில் நானே தூக்கி வருவேன். போன தடவை வெயிலில் கை மரத்து, தலை சுற்றி, பஸ் ஸ்டாண்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் சேலை மூட்டையோடு தெருத்தெருவாகப் போனவராமே, எப்படிச் சமாளித்தீர்கள்?
– வாசகி, ஆத்தூர்

பதில்: போனவள்தான் தங்கச்சி, 22 வருஷம். இளம்பிள்ளையில் சேலை எடுத்து, டவுன் பஸ்ஸில் வந்து இறங்கி, குகை, அம்மாபேட்டை, பொன்னம்மாபேட்டை என்று வீடு வீடாகத் தவணைக்கு விற்றேன். மூட்டை 12 கிலோவுக்குக் குறையாது.

முதல் வருஷம் ஒவ்வொரு வாசலிலும் மூட்டையைத் தரையில் வைப்பேன். கிளம்பும்போது குனிந்து தூக்குவேன். 40 வீடு என்றால் 40 தடவை. மூன்றாம் மாதமே இடுப்பு பிடித்துக்கொண்டது. குகையில் கீரை விற்ற பாட்டி ஒருத்தி இதைப் பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, மண்ணுல வெச்சா மண்ணுல இருந்துதான எடுக்கோணும்? திண்ணையில வையி" என்றாள். அவ்வளவுதான் அவள் சொன்னது. அன்றோடு என் இடுப்பு பிழைத்தது.

பழைய சாலையோரங்களில் சுமைதாங்கிக் கல் பார்த்திருப்பீர்கள். இரண்டு கல்லை நட்டு, மேலே குறுக்காக ஒன்றைக் கிடத்தியிருப்பார்கள். பிள்ளைத்தாய்ச்சியாக இறந்துபோன பெண்களின் நினைவாக வைப்பது வழக்கம். அதன் உயரத்தைக் கவனியுங்கள். தலைச்சுமையோடு வருகிறவர், ஒரு கை கொடுக்க ஆளில்லாமலே சுமையை அதன்மேல் நகர்த்தி வைக்கலாம், அப்படியே திரும்ப ஏற்றிக்கொள்ளலாம். குனிய வேண்டியதே இல்லை.

டவுனுக்குள் அந்தக் கல்லுக்கு எங்கே போவது? நாம்தான் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். என் வழியில் ஒரு டீக்கடைப் பெஞ்சு, ஒரு அரசமரத்து மேடை, ஒரு தறிக்காரர் வீட்டுத் திண்ணை, எப்போதும் பூட்டிக்கிடக்கும் ஒரு கடையின் உயரமான படி. இந்த நாலும் எனக்கு மனப்பாடம். களைத்தாலும் களைக்காவிட்டாலும் அங்கே இறக்கிவிடுவேன். களைத்த பிறகு இடம் தேடினால் நடுரோடுதான் கிடைக்கும். நீங்களும் ஒருநாள் வெறுங்கையோடு அந்த வழியில் நடந்து, நிழலில், இடுப்பு உயரத்தில் நாலு இடம் பார்த்து வையுங்கள்.

அப்புறம் நேரம். ஏப்ரல் 20 தாண்டிய நாட்களில் சேலத்தில் உச்சிவெயில் நேராகத் தலைக்கு மேல் நிற்கும். தெருவில் எந்தப் பக்கமும் நிழல் விழாது. அக்னி நட்சத்திரம் முடியும்வரை 11 மணிக்குள் சரக்கை எடுத்துப் பஸ் ஏறிவிடுங்கள். காலையில் தெருவின் கிழக்கு ஓரம் நிழலாக இருக்கும், அதை ஒட்டியே நடங்கள்.

கை மரத்தது பையின் பிடியால். மெல்லிய பிடி விரலை அறுத்து, ரத்த ஓட்டத்தையும் நரம்பையும் அழுத்துகிறது. ஒரு பழைய துண்டைச் சுருட்டிப் பிடியைச் சுற்றிக் கட்டுங்கள். இரண்டு பையும் ஒரே எடையாக இருக்கட்டும். ஒன்று 7, ஒன்று 3 என்று தூக்கினால் முதுகு கோணும். ராத்திரி வரை மரத்துக் கிடந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

தலைசுற்றலுக்கு வெறும் தண்ணீர் மட்டும் குடித்தால் போதாது, வியர்வையோடு உப்பும் போய்விடுகிறது. உப்புப் போட்ட நீர்மோர் நல்லது. இல்லையென்றால் ஓ.ஆர்.எஸ். பொட்டலம், பெரியது ஒன்றுக்கு 1 லிட்டர் தண்ணீர். ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் மட்டும் உப்பு விஷயத்தில் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். உடம்பு நெருப்பாகக் கொதித்து, பேச்சுக் குழறினால் 108-ஐக் கூப்பிடச் சொல்லி, நிழலில் படுத்து, ஈரத்துணியால் உடம்பை நனைக்கச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் திண்ணையாவது மேடையாவது, முந்திரிப் பையை அப்படியே ரோட்டில் போடுங்கள்!

கேள்வி: சக்கரம் வைத்த பெட்டி வந்த காலத்தில் இன்னும் என்ன தூக்கல்?
– கல்லூரி மாணவர், ஓமலூர்

பதில்: தம்பி, அந்தப் பெட்டியைச் செவ்வாய்ப்பேட்டைச் சந்தில் லாரி இறக்குகிற நேரத்தில் ஒருதரம் இழுத்துப் பாருங்கள். ரயில்வே பிளாட்பாரத்தில் அது ராஜா. பஸ் படிக்கட்டில் பெட்டியின் எடையையும் சேர்த்து நீங்கள்தான் தூக்க வேண்டும். வாங்குவதென்றால் சக்கரம் பெரிதாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: ஏற்காட்டில் இருக்கும் மகளுக்கு 10 கிலோ மல்கோவா கொண்டுபோக வேண்டும். நசுங்காமல் போய்ச்சேர வழி?
– வாசகர், அம்மாபேட்டை

பதில்: பழுத்ததை எடுக்காதீர்கள் ஐயா, செங்காயாகப் பார்த்து வாங்குங்கள். மேலே சுமார் 5,000 அடி உயரம், குளிர்ச்சி. மெதுவாகத்தான் பழுக்கும். வைக்கோல் பரப்பி இரண்டு அட்டைப்பெட்டியாகப் பிரியுங்கள். மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு. பின்சீட்டில் வைத்த பெட்டி ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு மூலைக்கு ஓடும். ஒன்றைக் கால்களுக்கு நடுவில் இறுக்கி, ஒன்றை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். காலிப் பை ஒன்றையும் மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள், மகள் வீட்டிலிருந்து மிளகும் காப்பிக்கொட்டையும் இல்லாமல் இறங்கி வந்த அப்பாவை நான் பார்த்ததில்லை.