‘போன தொடரில் எவ்வளவு வாங்கினாய்?’ என்று கேட்டால் என்ன சொல்வது?

கேள்வி: லாஸ் ஏஞ்சலஸில் இருக்கிறோம். நான் மென்பொருள் வேலையில் இருக்கிறேன், என் மனைவி கறுப்பினப் பெண், நடிகை. ஏழு வருடமாகச் சின்னச் சின்ன வேடங்கள்தான். இப்போது ஒரு தொடரில் ஆறு எபிசோடுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஏஜென்ட் கிடையாது, புதிதாக வந்த மேனேஜர்தான் பேசுகிறார். 20 சதவீதம் கமிஷன் போக, போட்டோவுக்கும் வெப்சைட்டுக்கும் 1,800 டாலர் முன்பணம் கேட்கிறார். பழைய சம்பளம் எவ்வளவு என்று தயாரிப்புத் தரப்பு கேட்கிறதாம். அதே அளவு வேடத்துக்கு ஒரு வெள்ளைக்கார நடிகைக்கு அதிகம் பேசியிருப்பதாகவும் காதில் விழுந்தது. வாயைத் திறந்தால் வாய்ப்பே போய்விடுமோ என்று பயப்படுகிறாள்.

பதில்: முதலில் அந்த 1,800 டாலர். கட்டாதீர்கள். பாதி இப்போது மீதி அப்புறம் என்று இறங்கி வருவார், அப்போதும் கட்டாதீர்கள். நடிகையின் வருமானத்தில் பங்கு வாங்குகிறவர், அந்த வருமானம் வருவதற்கு முன்னால் அவளிடமே காசு கேட்டால் அவருடைய உண்மையான தொழில் எது என்று உங்களுக்கே புரியும். இப்படி முன்பணம் வாங்குவதை கலிஃபோர்னியா 2009-ல் சட்டம் போட்டே தடை செய்துவிட்டது. போட்டோ, வெப்சைட், பயிற்சி என்று என்ன பெயர் வைத்தாலும் முன்பணம் முன்பணம்தான். ‘நடிகர்களைத் தேர்ந்தெடுக்கிற காஸ்டிங் ஆட்கள் நேரில் வருவார்கள், காசு கட்டி நடித்துக் காட்டலாம்’ என்ற பட்டறைகளும் இதே ஜாதிதான். 2017 பிப்ரவரியில் அந்த மாதிரி ஐந்து இடங்கள் சம்பந்தமாக 25 பேர் மீது லாஸ் ஏஞ்சலஸ் நகர வழக்கறிஞர் வழக்குப் போட்டார். அப்படியும் எனக்கு மாதம் ஒரு கடிதமாவது இதைப் பற்றி வருகிறது. சட்டம் போடுகிறவர்கள் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள், ஏமாந்தவள்தான் படிவத்தைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியிருக்கிறது.

இன்னொன்று. இந்த மாநிலத்தில் நடிகைக்கு வேலை பிடித்துக் கொடுக்க லைசன்ஸ் வேண்டும். அது ஏஜென்டுக்கு உண்டு, மேனேஜருக்குக் கிடையாது. மேனேஜர் ஆலோசனை சொல்லலாம், லைசன்ஸ் உள்ள ஏஜென்டோடு சேர்ந்து பேசலாம். தனியாகப் போய்ச் சம்பளம் பேசி முடித்துவிட்டு 20 சதவீதம் கேட்கக் கூடாது. மாநிலத் தொழிலாளர் ஆணையரின் இணையதளத்தில் பெயரைத் தட்டினால் லைசன்ஸ் இருக்கிறதா என்று தெரிந்துவிடும், இரண்டு நிமிட வேலை. ஒப்பந்தம் கையில் இருக்கும்போது ஏஜென்ட் கிடைப்பது சுலபம். அவர்களுக்கு நடிகர் சங்க (SAG-AFTRA) விதிப்படி 10 சதவீதம்தான் உச்சம். சங்கத்தின் குறைந்தபட்சச் சம்பளத்துக்கே பேசினால் அந்தப் பத்தைத் தயாரிப்பாளர் மேலே போட்டுத் தர வேண்டும், உங்கள் மனைவியின் கையிலிருந்து போகக் கூடாது. இதை ‘ஸ்கேல் ப்ளஸ் டென்’ என்பார்கள். அந்த வார்த்தையைச் சொல்லிப் பாருங்கள், எதிரில் இருப்பவரின் பேச்சே மாறும்.

சரி, பழைய சம்பளம். 2018 ஜனவரி முதல் கலிஃபோர்னியாவில் வேலை கொடுப்பவர் இந்தக் கேள்வியைக் கேட்கவே கூடாது. தானும் கேட்கக் கூடாது, ஆள் வைத்தும் கேட்கக் கூடாது. இந்தத் துறையில் பழைய சம்பளத்தை ‘கோட்’ என்பார்கள். கறுப்பினப் பெண்களை அமுக்கி வைத்ததில் இந்தக் கோட்டுக்குப் பெரிய பங்கு. போன தடவை குறைத்துக் கொடுத்தார்கள், அதனால் இந்தத் தடவையும் குறைவு, அடுத்த தடவைக்கும் அதுவே கணக்கு. கறுப்பின நடிகை டராஜி பி. ஹென்சன் 2008-ல் வந்த ஒரு பெரிய படத்துக்கு 5 லட்சம் டாலர் கேட்டு, அதில் ஒரு சிறு பகுதிதான் வாங்கினார், படப்பிடிப்பு நாட்களில் தங்கும் செலவும் அவர் தலையில்தான். அந்த வேடத்துக்குத்தான் ஆஸ்கர் பரிந்துரை வந்தது. பரிந்துரைக்குப் பிறகும் சம்பளம் சட்டென்று ஏறவில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். 2023 டிசம்பரில் ஒரு பேட்டியில் இதைப் பற்றிப் பேசும்போது அழுதுவிட்டார்.

பழைய சம்பளத்தைக் கேட்கக் கூடாது என்ற சட்டத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது, பொறுமையாகப் படியுங்கள். யாரும் கேட்காமல் நீங்களாகச் சொன்னால், அந்தத் தொகையை வைத்து அவர்கள் சம்பளம் நிர்ணயிக்கலாம். சட்டமே அதை அனுமதிக்கிறது. அதனால் ‘கேட்கிறார்கள்’ என்று மேனேஜர் சொல்வது நிஜமா, இல்லை அவராகவே போய் உளறிவிட்டு வந்து கேட்டார்கள் என்கிறாரா என்பது முக்கியம். அவர்கள் கேட்டிருந்தால் தப்பு அவர்கள் பக்கம். இவர் சும்மா பேச்சுவாக்கில் சொல்லியிருந்தால் சொன்னது சொன்னதுதான், அதை வைத்து அடிமாட்டு விலை பேசலாம். இன்றைக்கே மேனேஜருக்கு எழுத்தில் அனுப்புங்கள்: என் பழைய சம்பளத்தை என் அனுமதி இல்லாமல் யாரிடமும் சொல்லக் கூடாது. ஒரு வரி போதும், ஆனால் எழுத்தில் இருக்கட்டும். அப்புறம், ஏற்கெனவே உளறியிருந்தாலும் எல்லாம் போய்விடவில்லை. ஒரே மாதிரி வேலைக்கு இனத்தைப் பார்த்துக் குறைத்துக் கொடுக்கக் கூடாது என்று 2017 முதல் மாநிலச் சம ஊதியச் சட்டம் சொல்கிறது, ‘பழைய சம்பளம் குறைவு’ என்பதை மட்டும் அதற்குச் சாக்காகக் காட்ட முடியாது. உங்கள் பக்கமும் ஒரு உரிமை உண்டு. இந்த வேடத்துக்குச் சம்பள வரம்பு என்ன என்று நீங்கள் கேட்டால் அவர்கள் சொல்ல வேண்டும். கேட்கிறவர்கள்தான் குறைவு.

அந்த வெள்ளைக்கார நடிகை விஷயம். காதில் விழுந்ததை வைத்து எதுவும் செய்ய முடியாது, அவரிடமே கேட்கச் சொல்லுங்கள். சக ஊழியரோடு சம்பளத்தைப் பற்றிப் பேசுவது சட்டப்படி உரிமை, ‘ரகசியம்’ என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலும் பயப்பட வேண்டாம். கறுப்பின நடிகை ஆக்டேவியா ஸ்பென்சரும் வெள்ளைக்கார நடிகை ஜெசிகா சாஸ்டெய்னும் அப்படித்தான் பேசினார்கள். கறுப்பின நடிகைகளுக்கு எவ்வளவு குறைத்துத் தருகிறார்கள் என்று கேட்ட சாஸ்டெய்ன், இருவருக்கும் ஒரே தொகை என்று ஒப்பந்தத்தைக் கட்டிப்போட்டார். கேட்டதைப் போல ஐந்து மடங்கு கிடைத்தது என்று 2018 ஜனவரியில் ஸ்பென்சரே மேடையில் சொன்னார். இந்த விதிக்கு ‘ஃபேவர்ட் நேஷன்ஸ்’ என்று பெயர். அதே நிலையில் இருக்கும் வேறு யாருக்காவது கூடக் கொடுத்தால் உங்களுக்கும் அதே அளவு ஏற வேண்டும். ஆனால் தயாரிப்புத் தரப்பும் இதையே திருப்பிப் போடும், ‘எல்லாருக்கும் ஒரே தொகை, உங்களுக்கு மட்டும் ஏற்ற முடியாது’ என்பார்கள். அதனால் முதலில் தொகையை ஏற்றிவிட்டு, அப்புறம் இந்த விதியைக் கேளுங்கள்.

வாய் திறந்தால் வாய்ப்பு போகுமா? போகாது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். கறுப்பின நகைச்சுவை நடிகை மோனிக், நெட்ஃபிளிக்ஸ் தனக்குப் பேசிய 5 லட்சம் டாலரை 2018-ல் வெளியே சொன்னார், மற்ற நகைச்சுவைக் கலைஞர்களுக்குக் கோடிக்கணக்கில் கொடுத்ததையும் சொன்னார். 2019-ல் நெட்ஃபிளிக்ஸ் மேல் வழக்குப் போட்டார், 2022-ல் சமரசம் ஆனது, 2023-ல் அவருடைய நிகழ்ச்சி அங்கேயே வந்தது. ஐந்து வருடம். ஆஸ்கர் வாங்கியவருக்கே இந்தக் கதி என்றால், வழக்குப் போட்டுச் சரிபண்ணிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் எனக்கு எரிச்சல்தான் வரும். கையெழுத்துக்கு முன்னால் எழுத்தில் கேட்பதுதான் மலிவு.

முடியைப் பற்றியும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள். என்னிடம் வந்த ஒரு நடிகை படப்பிடிப்புக்கு ஒரு சக்கரப் பெட்டி இழுத்துக்கொண்டு போவார். உள்ளே இரண்டு விக், தன் நிறத்துக்கான ஃபவுண்டேஷன், முடிக்கு எண்ணெய். கேரவனில் இருந்த மேக்கப்காரருக்கு அந்த முடியை எப்படிப் பிடிப்பது என்றே தெரியாது, அதனால் விடியற்காலை நாலு மணிக்கு வீட்டிலேயே அலங்கரித்துக்கொண்டு போவார். அந்தச் செலவும் நேரமும் சம்பளத்திலிருந்துதான் போயிற்று. 2023 வேலைநிறுத்தத்துக்குப் பின் வந்த சங்க ஒப்பந்தத்தில் இதற்கு விதி வந்திருக்கிறது, முன்கூட்டியே கேட்டுவையுங்கள்.

கடைசியாக வரி. ஏஜென்டுக்கு 10, மேனேஜருக்கு 15, வக்கீலுக்கு 5 என்று வைத்தால் 10,000 டாலரில் 3,000 போய்விடும், ஆனால் அந்தக் கமிஷனைக் கழிக்க முடியாது, மத்திய வரி முழு 10,000-க்கும். அதைக் கழித்துக்கொள்ள நடிகர்களுக்கு ஒரு தனிச் சலுகை உண்டு, வருமானம் 16,000 டாலருக்குள் இருக்க வேண்டும். 1986-ல் வைத்த வரம்பு, இன்னும் அப்படியே இருக்கிறது. தம்பதியாகச் சேர்ந்து கணக்குக் காட்டித்தான் அதைக் கோர முடியும், உங்கள் சம்பளமும் சேர்ந்துவிடும் என்பதால் அதை மறந்துவிடுங்கள். மேனேஜரை வைத்துக்கொள்வதானால் 20-ஐ 10-க்கு இறக்குங்கள், இறங்கவில்லை என்றால் வேண்டாம். 1,800-ஐ ஏற்கெனவே அட்டையில் கட்டிவிட்டீர்கள் என்றால் இன்றைக்கே வங்கிக்குப் போன் செய்து மறுப்பு பதியுங்கள்.