டேகேர் செலவை யார் கணக்கில் கழிப்பது?

வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே தவிக்கும் பெங்களூரு தமிழ்ப் பெண்கள் கேட்டவை. பதில் சொல்பவர், மனிதவளத் துறையில் பழுத்தவர்.

கேள்வி (வைட்ஃபீல்ட்): அக்கா, குழந்தைக்கு நாலு மாசம். அடுத்த மாசம் லீவு முடிகிறது. "டேகேருக்குக் கொடுத்தது போக உனக்கு என்ன மிச்சம்? ரெண்டு வருஷம் வீட்டில் இரு" என்கிறார் அத்தை.

பதில்: கணக்கே தப்பு. உங்கள் சம்பளம் 60,000, கணவருடையது 90,000, டேகேர் 15,000 என்று வையுங்கள். உங்கள் சம்பளத்தில் மட்டும் கழித்தால் கால்வாசி போகிறது. இரண்டையும் கூட்டி 1,50,000-இல் கழித்தால் பத்தில் ஒரு பங்குதான். குழந்தை இருவருக்கும்தானே?

அடுத்து ஆபீஸ். 26 வார மகப்பேறு விடுப்பு முடிந்தபின் வீட்டிலிருந்தே வேலை பார்க்க மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தம் வழிவிட்டது. வேலையின் தன்மை ஒத்துவர வேண்டும், நிர்வாகமும் சம்மதிக்க வேண்டும். 50 பேரும் அதற்கு மேலும் உள்ள இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும், நாளைக்கு 4 தடவை போய்ப் பார்க்கலாம். இந்த வாரமே மெயிலில் கேளுங்கள். வாயால் கேட்டது மேனேஜர் மாறினால் காற்றோடு போகும். கிடைக்காவிட்டால் சம்பளமில்லா லீவு கேளுங்கள். ராஜினாமா கடைசிதான். அப்படியே விட்டாலும், திரும்பச் சேரும் மாதத்தை இன்றைக்கே வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். தேதி போடாத "ரெண்டு வருஷம்" எல்.கே.ஜி. அட்மிஷன் வரை இழுக்கும்.

கேள்வி (எலெக்ட்ரானிக் சிட்டி): வீட்டு வேலையில் பாதி அவர்தான் செய்கிறார். அப்படியும் எனக்கு மண்டை காய்கிறது. குறை என்னிடமா?

பதில்: செய்வது பாதி, நினைப்பது முழுக்க நீங்கள். ஒரு வாரம் நோட்டில் எழுதிப் பாருங்கள்: கேஸ் எப்போது தீரும், மாமனார் மாத்திரை எத்தனை பாக்கி, ஆயா வராவிட்டால் யாரைக் கூப்பிடுவது. அவர் கிரைண்டரைப் போடுகிறார், சரி. உளுந்து ஊறப்போட வேண்டும் என்பது யார் தலையில் இருக்கிறது?

ஆகவே, வேலையாகப் பிரிக்காமல் முழுப் பொறுப்பாகக் கொடுங்கள். தவறினால் குடிமுழுகாத ஒன்றில் ஆரம்பியுங்கள், மாவே போதும். அரிசி, உளுந்து வாங்குவதிலிருந்து மாவை ஃபிரிட்ஜில் வைப்பது வரை அவர். இரண்டாம் வாரம் மறப்பார். அப்போது "விடுங்க, நானே பண்றேன்" என்றால் தீர்ந்தது, பொறுப்பு உங்களிடமே திரும்பிவிடும். வாயைக் கட்டிக்கொண்டு அன்றைக்குப் பிரெட் சாப்பிடுங்கள். பொறுப்பு அவரிடம் நிலைத்த பிறகு தடுப்பூசியைக் கொடுக்கலாம்: தேதி, அப்பாயின்ட்மென்ட், லீவு, ராத்திரி காய்ச்சல் வரை.

கேள்வி (கே.ஆர்.புரம்): வீட்டுக் கடனில் கணவரோடு சேர்ந்து கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். போடலாமா?

பதில்: கிரயப் பத்திரத்தில் உங்கள் பெயர் இருந்தால் போடுங்கள். இல்லையென்றால் கடன் மட்டும் உங்களுடையது, வீடு அல்ல. தவணை தவறினால் உங்கள் சிபில் ஸ்கோரும் அடிவாங்கும்.

கேள்வி (அல்சூர்): கல்யாணமானதும் பெயரை மாற்றியே ஆக வேண்டுமா? 7 வருஷ பி.எஃப். பணத்தை எடுத்துவிடச் சொல்கிறார்கள்.

பதில்: பெயரை மாற்றச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. மாற்றினால் ஆதார், பான், பி.எஃப். மூன்றிலும் எழுத்துப் பிசகாமல் மாற்றுங்கள், இல்லையேல் கிளெய்ம் திரும்பி வரும். கல்யாணத்துக்கு முன் போட்ட பி.எஃப். நாமினேஷன் செல்லாது, புதிதாகப் போடுங்கள். பணத்தை எடுக்காதீர்கள். பி.எஃப்.போடு சேர்ந்து வரும் பென்ஷனுக்கு 10 வருஷ சர்வீஸ் வேண்டும். பென்ஷன் பங்கையும் வாங்கிவிட்டால் அந்த 7 வருஷம் அழிந்துபோகும். தொடாமல் விட்டால், அடுத்த வேலையில் சேர்ந்து கணக்கை அங்கே மாற்றியதும் எட்டிலிருந்து எண்ணலாம்.